இறுக்கினது யாருங்க?

தாராபுரம் பக்கத்தில் ஒரு தோட்டம். மூன்றரை ஏக்கர் பூமி, நாலு கறவை மாடு, ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளாமை காசு வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான் வரும். வீட்டுச் செலவு, மளிகை, பிள்ளையின் பஸ் பாஸ் எல்லாம் பால் காசில்தான் ஓடுகிறது. விடியற்காலை ஆறரைக்குள் பால் கேன் சொசைட்டியில் இறங்கியாக வேண்டும். தாமதமாகப் போனால் பாலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதுதான். அதனால் அந்த வீட்டில் மாட்டுக்கு அடுத்த மரியாதை வண்டிக்கு.

150 சிசி வண்டி. பழைய வண்டியாக வாங்கியது. காலையும் பொழுதோடவும் பால் கேன், நடுவில் தீவன மூட்டை, சோளத்தட்டுக் கட்டு, உர மூட்டை என்று எல்லாம் சுமக்கிறது. பட்டறையில் விட்டால் ஒரு நாள் போய்விடும் என்பதால், ஆயில் மாற்றும் வேலையை அந்த விவசாயி தானே செய்வது என்று முடிவெடுத்தார். புது ஃபில்டரும் ஆயிலும் டவுனில் வாங்கி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கட்டுத்தரை ஓரமாக வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினார்.

இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினார். சூடான ஆயில் இளகி, அழுக்கோடு சேர்ந்து முழுசாக இறங்கும். அது சரியான முறைதான். அடியில் பழைய பேசினை வைத்து, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் கறுப்பாக இறங்கியது. ஒரு சொட்டு இல்லாமல் வடியவிட்டார். அதற்குப் பிறகுதான் ஃபில்டர் பக்கம் போனார்.

அங்கேதான் தவறு. அது அவருக்குச் சாயங்காலம்தான் புரிந்தது.

அந்த வண்டியில் ஃபில்டர் இன்ஜினின் வலது பக்கத்தில், ஒரு சின்ன வட்ட மூடிக்குள் இருக்கிறது. காகிதத்தை மடித்து மடித்துச் செய்த உருளை. இன்ஜினுக்குள் தேயும் உலோகத் துகளையும் கசடையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைப் பிடித்திருப்பது மூன்றே மூன்று சின்ன போல்ட். எட்டாம் நம்பர் ஸ்பேனர் போதும். மேலே இருந்த இரண்டு போல்ட் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் கழன்றன. கீழே இருந்த மூன்றாவது அசையவில்லை.

வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். ஸ்பேனர் வழுக்கியது. விரல் முட்டி சைலன்சரில் இடித்துத் தோல் உரிந்தது. திரும்பப் போட்டு இன்னும் வேகமாக இழுத்தார். மறுபடியும் வழுக்கியது. குனிந்து பார்த்தால், போல்ட் தலையின் ஆறு மூலையும் மழுங்கத் தொடங்கியிருந்தன. பிறகு ரிங் ஸ்பேனர், ரிங் ஸ்பேனருக்குப் பின்னால் சொட்டுநீருக்கு வாங்கிய பழைய இரும்புப் பைப், கடைசியாகக் கட்டிங் பிளேயர். ஒரு மணி நேரத்தில் ஆறு மூலைத் தலை ஏறக்குறைய உருண்டையாகிவிட்டது.

இப்போது வண்டியில் ஆயிலும் இல்லை, ஃபில்டரும் கழலவில்லை. வண்டியை உருட்டத்தான் முடியும், ஓட்ட முடியாது. மணி நாலு. இன்னும் அரை மணியில் பால் கறக்க வேண்டும்.

கோபம் வந்தது. கோபம் யார் மேல் என்று தேடியபோது, டவுனில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பையன் ஞாபகத்துக்கு வந்தான். ரெண்டு வருஷத்துக்கு முன் கடன் வாங்கிக் கடை போட்டவன். போனைப் போட்டார்.

"ஏந்தம்பி, இப்படியா இறுக்குவாங்க? போல்ட்டு கழலுதா பாரு! ஒரு சின்ன போல்ட்டக்கூட அளவா முடுக்கத் தெரியாம என்னத்துக்குக் கடை போட்ட?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நாளைக்கு வண்டிய எப்படியாச்சும் கொண்டாங்கண்ணா. நான் கழட்டித் தர்றேன். காசு வேண்டாமுங்க" என்றான் பையன். அவர் பதில் சொல்லாமல் போனை வைத்தார்.

அன்றைக்குப் பொழுதோட பாலை, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் மொபட்டை வாங்கிக்கொண்டு போய் ஊற்றினார். சொசைட்டியில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "வண்டிய எங்கீங்கண்ணா?" என்று ஒருவர் கேட்டதும், பட்டறைப் பையனின் கதையை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அந்தப் பையன்கிட்ட வண்டிய உடாதீங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். அடுத்த வாரம் வண்டியை அங்கே சர்வீஸுக்கு விடுவதாக இருந்த ஒருவர், "அப்படிங்களா..." என்று யோசனையில் இழுத்தார்.

பெரியவர் கேட்ட கேள்வி

அவர் திரும்பி வந்தபோது, மொபட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவர் டார்ச் லைட்டோடு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கரண்ட் வராத காலத்தில் கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் இன்ஜின்களைப் பிரித்து மாட்டியே பாதி வயசைக் கழித்தவர். இப்போது கண் கொஞ்சம் மங்கல். கை மட்டும் மறக்கவில்லை.

"இதைக் கடைசியா மாட்டுனது யாரு மாப்ளே?"

"அந்தப் பட்டறைப் பையன்தானுங்க மாமா."

"பையன் பைப்புப் போட்டா முடுக்குவான்? மத்த ரெண்டு போல்ட்டையும் பாரு. தலையில பழைய காயம் இருக்குது. இன்னைக்குப் பட்ட காயம் மினுக்குது, அது கறுத்துக் கெடக்குது."

டீயோடு வந்த அவர் மனைவி அங்கேயே நின்றார். "ஏனுங்க, தை நோம்பிக்குப் பட்டறை பூட்டியிருந்துச்சுன்னு நீங்களே கழட்டி மாட்டுனீங்களே? மாட்டுனதுக்கப்புறம் ஆயில் கசியுதுன்னு பைப்பைப் போட்டு ஏறி மிதிச்சீங்களே?"

அவர் பேசவில்லை. மனைவி உள்ளே போய் டூல்ஸ் டப்பாவை எடுத்து வந்தார். அதன் அடியில், தை மாசம் வாங்கிய ஃபில்டரின் காலிப் பெட்டி கிடந்தது. முழுக்கக் காலி இல்லை. உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம், பிரிக்காத கவரோடு அப்படியே இருந்தது.

பெரியவர் அதை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். "இதைப் போட்டிருந்தா கசிஞ்சிருக்காது. கசியலீன்னா நீ முடுக்கியிருக்க மாட்டே. முடுக்கலீன்னா இன்னைக்கு இந்தக் கூத்து இல்ல."

விஷயம் அவ்வளவுதான். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஆயிலைத் தடுப்பது அந்த ஓ-ரிங்தான், போல்ட்டின் இறுக்கம் அல்ல. பழைய ரிங் சூட்டில் நசுங்கித் தட்டையாகிவிடும். அதையே மறுபடி மாட்டினால் கசியும். கசிகிறதே என்று போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ரிங் புதுசாகிவிடாது. ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் ரிங்கையும் மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஒரு சாண் ஸ்பேனர், அஞ்சு கிலோ

இந்த வகை மூடிகளில் இருப்பது 6 மி.மீ. தடிமன் போல்ட். அதற்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு இருந்தால் போதும். கையால் உணரும்படி சொன்னால், ஒரு சாண் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் அஞ்சு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் இழுப்பு. அவ்வளவே. அதே அஞ்சு கிலோ பலத்தை மூன்று சாண் பைப்பின் நுனியில் கொடுத்தால் மூன்று மடங்காகிவிடும். ஆளே ஏறி மிதித்தால் சொல்லவே வேண்டாம். அப்படி மிதித்தும் அன்றைக்குப் போல்ட் அறுந்து போகாதது அவர் அதிர்ஷ்டம்.

இறுக்கியது ஒரு காரணம். துரு இன்னொரு காரணம். இன்ஜின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டு உலோகம் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு வேகமாக வரும். அதிலும் கீழ்ப்பக்கப் போல்ட்டில்தான் சேறு, கட்டுத்தரைச் சாணம், உர மூட்டையில் இருந்து சிந்தும் உப்பு எல்லாம் வந்து தேங்கும். அலுமினியம் அரிந்து வெள்ளைப் பொடியாகி மரைக்குள் சிமெண்டு போல அடைத்துக்கொள்ளும். மூன்றில் கீழ்ப்போல்ட் மட்டும் அடம்பிடித்தது இதனால்தான்.

"இப்ப இதைப் பலத்தால திருப்புனா ரெண்டுல ஒண்ணு நடக்கும்" என்றார் பெரியவர். "தலை அறுந்து தண்டு உள்ள நின்னுபோகும். இல்லாட்டி அலுமினிய மரையை உரிச்சுக்கிட்டு வெளிய வரும். ரெண்டும் லேத்துக்காரன் வேலை. துளை போட்டு, புது மரை வெட்டி... உன்ற ஒரு வாரப் பாலு போயிரும். பைப்பை அக்கட்டால போடு."

பிறகு அவர் செய்ததில் பலம் கொஞ்சம், பொறுமை நிறைய. பழைய கம்பி பிரஷ்ஷால் போல்ட் தலையைச் சுற்றியிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார். டீசலில் கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் கலந்து, போல்ட் தலையின் அடியில் நாலு சொட்டு விட்டார். ஹார்டுவேர் கடையில் விற்கும் துரு இளக்கும் ஸ்பிரே இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் அதற்கு எங்கே போவது? ஒரு சின்னச் சுத்தியலால், போல்ட் தலையின் நடுவில் நேராக, தேங்காய் முற்றிவிட்டதா என்று தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. அந்த அதிர்வில் மரைக்குள் இருக்கும் பொடி விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக எண்ணெய் இறங்கும்.

"இப்பத் திருப்பலாமுங்களா மாமா?"

"இப்ப வேண்டாம். படுக்கப் போறதுக்கு முன்னால ஒருக்கா, நடுராத்திரி எந்திரிச்சா ஒருக்கா, இதே மாதிரி நாலு சொட்டு உட்டுத் தட்டிப்போடு. வெடியால நாலு மணிக்கு வர்றேன். சுடுதண்ணி மட்டும் காய வெச்சு வை."

பெரியவர் கிளம்பினார். அவர் மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போனை எடுத்துப் பையனின் நம்பரைப் பார்த்தார். மணி ஒன்பதாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

விடிகாலை நாலு மணி

பெரியவர் வரும்போது கையில் ஒரு துருப்பிடித்த டப்பா. அதற்குள், எப்போதோ ஒரு லாரிப் பட்டறையை மூடும்போது வாங்கிய இன்ச் அளவு பாக்ஸ் செட். அதில் 5/16 இன்ச் பாக்ஸைத் தேடி எடுத்தார். 5/16 இன்ச் என்றால் 7.94 மி.மீ. எட்டு மி.மீ. பாக்ஸை விட ஒரு முடி அளவு சின்னது. மூலை மழுங்கிய தலையில் எட்டாம் நம்பர் சுற்றும். இது கவ்வும். அதோடு இது உள்ளே ஆறு மூலை உள்ள பாக்ஸ். பன்னிரண்டு பல் உள்ள ரிங் ஸ்பேனர் மூலையை மட்டும் பிடிக்கும். ஆறு மூலை பாக்ஸ் போல்ட்டின் பக்கவாட்டுப் பட்டையைப் பிடிக்கும். தொடக்கத்திலேயே எட்டாம் நம்பரில் ஆறு மூலை பாக்ஸ் போட்டிருந்தால் தலை இவ்வளவு மழுங்கியிருக்காது.

முதலில் சுடுதண்ணீர். பழைய வேட்டித் துணியை நனைத்துப் போல்ட் இருக்கும் இடத்தில் சுற்றி, மேலே கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிடி தளரும். "நெருப்பு வைக்கலாமுங்களா?" என்று கேட்டவருக்கு ஒரு முறைப்புதான் பதில். மேலே பெட்ரோல் டேங்க், கீழே ஆயில். அங்கே ஊதுவிளக்கு காட்டுவது வண்டியையும் கட்டுத்தரையையும் சேர்த்துக் கொளுத்துகிற வேலை.

பாக்ஸைப் போல்ட் தலைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்கினார். கைப்பிடியை மாட்டி அவரிடம் கொடுத்தார். "முதல்ல முடுக்கற பக்கம் ஒரு நூல் அளவு. அப்புறம் கழட்டற பக்கம். இழுக்காதே, அழுத்து."

முடுக்கும் பக்கம் லேசாக அழுத்தினார். பிறகு கழற்றும் பக்கம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சுடுதண்ணீர், மறுபடி அழுத்தம். நாலாவது தடவை 'டிக்' என்று ஒரு சத்தம்.

அவர் முகம் வெளிறியது. "அறுந்துபோச்சுங்களா மாமா?"

"இல்ல. கழண்டுருச்சு."

அதற்குப் பிறகும் பெரியவர் ஒரே மூச்சில் திருப்ப விடவில்லை. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, நடுவில் ஒரு சொட்டு எண்ணெய். அஞ்சு நிமிஷத்தில் போல்ட் முழுசாகக் கைக்கு வந்தது. மரை முழுக்க வெள்ளைப் பொடி.

மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், பக்கவாட்டில் மரக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். நெம்பினால் ஓ-ரிங் உட்காரும் இடத்தில் கீறல் விழும். பிறகு எந்த ரிங் போட்டாலும் கசியும். மூடி வந்ததும் மீதி ஆயில் வழிந்தது. பழைய ரிங் தட்டையாக, விறைத்துப்போய் இருந்தது. ஃபில்டர் எந்தப் பக்கம் உள்ளே பார்த்து இருந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே அவர் மகள் செல்போனில் படம் எடுத்துவிட்டாள். தலைகீழாக மாட்டினால் ஆயில் போகும் வழி கெட்டு இன்ஜினே போய்விடும்.

உட்காரும் இடத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, புது ஃபில்டரை வைத்து, புது ரிங்கில் விரலால் ஆயில் தடவி மாட்டினார்கள். போல்ட்டை முதலில் கையால் முழுசாகத் திருகி, பிறகு மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்பேனரின் தலைக்குப் பக்கத்தில் பிடித்தே முடுக்கினார்கள். மழுங்கிய போல்ட்டையே அன்றைக்கு மட்டும் மாட்டினார்கள். வேறு போல்ட் போட நினைத்தபோது பெரியவர் தடுத்துவிட்டார். நீளம் கொஞ்சம் கூடினாலும் அடியில் முட்டி இன்ஜின் உடம்பு விரிசல் விடும். அதே அளவு போல்ட் வாங்கித்தான் போட வேண்டும்.

ஆயில் ஊற்றும் நேரத்தில், வடித்த அளவுக்குப் போதாதோ என்று டிராக்டருக்கு வாங்கி மீந்த ஆயில் கேனை அவர் எடுத்து வந்தார். அதையும் பெரியவர் வேண்டாம் என்றார். இந்த மாதிரி மோட்டார் சைக்கிளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முங்கி ஓடுகின்றன. வேறு இன்ஜினுக்கான ஆயிலைக் கலந்தால் கிளட்ச் வழுக்கலாம். பால் கேனோடு மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. மோட்டார் சைக்கிள் ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதற்காகத்தான். அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது.

வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டார்கள். மூடியைச் சுற்றி விரல் வைத்துப் பார்த்தால் காய்ந்திருந்தது. நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து ஆயில் மட்டம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. பேசினில் இருந்த கறுப்பு ஆயிலை வாய்க்கால் பக்கம் கொண்டுபோனவரை மனைவி நிறுத்தி, காலி கேனில் ஊற்றி மூடி வைத்தார். அந்த வாய்க்கால்தான் கிணற்றைத் தொட்டுப் போகிறது. கழிவு ஆயிலைப் பட்டறையில் கொடுத்தால் சேர்த்து எடுத்துப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஆறே காலுக்குப் பால் சொசைட்டியில் இறங்கியது.

எட்டு மணி

அன்றைக்குச் சொசைட்டியில் இருந்து அவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. டவுனுக்குப் போனார். பையன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும், "கழண்டுருச்சுங்களாண்ணா?" என்றான். குரலில் பயம் இருந்தது.

"கழண்டுருச்சு தம்பி. இதே அளவுல மூணு போல்ட்டு வேணும்."

பையன் எடுத்துக் கொடுத்தான். அவர் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு நின்றார். "தம்பி, அதை இறுக்குனது நீ இல்ல. நான்தான். தை நோம்பியப்ப நானே மாட்டுனேன். ரிங்கு போடாம உட்டுட்டு, கசியுதுன்னு பைப்பு வெச்சு முடுக்குனேன். மறந்துட்டு உன்னையப் பேசிப்போட்டேன்."

பையன் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தான். "அதனால என்னங்ண்ணா. அடுத்த தடவ ஆயில வடிக்கறதுக்கு முன்னால ஃபில்டர் போல்ட்ட இளக்கிப் பாத்துக்கங்க. வரலீன்னா வண்டிய ஓட்டிக்கிட்டே இங்க வந்தர்லாமுங்க."

நேற்று மதியம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று அதுதான். அடம்பிடிக்கக்கூடியதை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். அது வருகிறது என்று தெரிந்த பிறகு ஆயிலை வடிக்க வேண்டும்.

கேனில் இருந்த கழிவு ஆயிலையும் அங்கேயே இறக்கிவிட்டு வந்தார். பொழுதோட பால் ஊற்றப் போனபோது, நேற்று நின்ற நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். கேனை இறக்கி வைத்துவிட்டு, நேற்றுச் சொன்ன அதே சத்தத்தில் சொன்னார்: "அந்தப் பையன் மேல தப்பு இல்லீங்க. போல்ட்ட முடுக்குனது நானுங்க."

யாரோ சிரித்தார்கள். நேற்று யோசனையில் இழுத்தவர் மட்டும், "அப்ப வர்ற வாரம் வண்டிய அவங்கிட்டயே உடலாமுங்களா?" என்று கேட்டார்.

"தாராளமா உடுங்க" என்றார் அவர். "ரிங்கு மட்டும் புதுசாப் போடச் சொல்லுங்க."